ஒப்புக்கொண்டது நான், பேசியது வீட்டார்: ஸ்மார்ட் ஸ்பீக்கருடன் எட்டு மாதங்கள்

அம்மாவுக்குக் கண் பார்வை மங்கிய பிறகு, இரவில் மணி பார்ப்பதற்காக ஒவ்வொரு முறையும் அவர் விளக்கைப் போட்டு, மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்து, சுவர்க் கடிகாரத்தின் அருகில் போய் நின்று முகத்தை உயர்த்திப் பார்ப்பதைக் கண்டபோதுதான், கேட்டால் மணி சொல்லும் கருவி ஒன்றை வாங்குவது என்று முடிவு செய்தேன். வாங்கி எட்டு மாதங்கள் ஆகின்றன. நிறுவனத்தின் பெயரை இங்கே குறிப்பிடப்போவதில்லை. ஏனெனில் நான் சொல்லவிருக்கும் குறையில் பெரும்பகுதி ஒரு நிறுவனத்தின் தயாரிப்புக்கு மட்டும் உரியதன்று. இந்த வகைக் கருவி எதை வாங்கினாலும் அது கூடவே வீட்டுக்குள் வந்துவிடும்.

முதலில் கருவி தன் வேலையை எப்படிச் செய்கிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன். உள்ளங்கையில் அடங்கும் உருண்டை. மேற்புறத்தில் நான்கு பொத்தான்கள். சுற்றிலும் ஒரு ஒளி வளையம். அறையின் மறுகோடியிலிருந்து சாதாரணக் குரலில் அழைத்தாலும், மின்விசிறி முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தாலும் சரியாகக் கேட்டுக்கொள்கிறது. பல மைக்குகளை வைத்து, குரல் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று கணித்துக்கொள்வதால் இது சாத்தியமாகிறது. பேச்சு தெளிவாக ஒலிக்கிறது; இசைக்கு இது போதாது, கீழ்ச்சுருதிகள் அமுங்கிப்போகின்றன. அலாரம், டைமர், தொலைபேசி அழைப்பு, விளக்கை அணைப்பது ஆகியவற்றில் எனக்குக் குறையே இல்லை. பார்வை குறைந்தவர்களுக்கும், எழுந்து நடப்பதே சிரமமாக இருப்பவர்களுக்கும் இது சொகுசுப் பொருள் இல்லை. பிறரை எதிர்பார்க்காமல் ஒரு காரியத்தைத் தாமே செய்துகொள்ளும் நிம்மதியை இது தருகிறது. அந்த நிம்மதியை அம்மாவின் முகத்தில் நான் கண்கூடாகப் பார்த்தேன். ஆகையால், "இதையெல்லாம் வீட்டுக்குள் விடவே கூடாது" என்று ஒரே வரியில் முடித்துவிடுபவர்களோடு என்னால் சேர்ந்துகொள்ள முடியவில்லை.

கருவியைப் பொருத்தி வைஃபையோடு இணைக்கப் பத்து நிமிடம் பிடித்தது. அந்தப் பத்து நிமிடத்தில் மூன்று இடங்களில் "ஒப்புக்கொள்கிறேன்" என்ற பொத்தானை அழுத்தினேன். எதையும் முழுமையாகப் படிக்கவில்லை. வீட்டில் நால்வர் இருக்கிறோம். அழுத்தியது என் விரல் ஒன்றுதான்.

ஐந்தாவது மாதத்தில் ஒரு நாள், அலாரம் ஏன் அடிக்கவில்லை என்று பார்ப்பதற்காகச் செயலியைத் திறந்தேன். அமைப்புகளுக்குள் இன்னொரு பட்டியல், அதற்குள் மற்றொன்று என்று போனபோது, கருவி இதுவரை கேட்டுப் பதிந்துகொண்ட எல்லாமே நாள்வாரியாக அடுக்கப்பட்டிருந்த ஒரு பக்கத்துக்கு வந்து சேர்ந்தேன். ஒவ்வொரு வரியிலும் நேரம், பேசியதன் எழுத்து வடிவம், அருகில் ஒலியைக் கேட்பதற்கான சிறு முக்கோணம். "நாளை ஆறு மணிக்கு எழுப்பு", "மணி என்ன", "விளக்கை அணை" என்ற வரிகளுக்கு இடையே, எழுத்து வடிவம் இல்லாமல் "புரியவில்லை" என்று மட்டும் குறிக்கப்பட்ட வரிகள் ஆங்காங்கே இருந்தன. அவற்றில் ஒன்றை அழுத்தினேன். அம்மாவின் குரல். தன் தங்கையிடம் தொலைபேசியில் பேசிக்கொண்டிருக்கிறார். வாக்கியம் பாதியிலிருந்து தொடங்குகிறது. மருத்துவப் பரிசோதனை ஒன்றின் முடிவைச் சொல்லிவிட்டு, "பிள்ளைகளிடம் சொல்லாதே, பயந்துபோவார்கள்" என்கிறார். பதினோரு நொடி. அதற்கு மேல் பதிவு இல்லை.

அந்த முடிவு என்ன, அதன் பிறகு என்ன ஆயிற்று என்பதை இங்கே எழுதினால், அதே தவறை இரண்டாவது முறை செய்தவனாவேன். அம்மா என்னிடமிருந்து மறைக்க விரும்பிய ஒன்றை, அவருக்காக நான் வாங்கி வைத்த கருவி என்னிடம் கொண்டுவந்து கொடுத்தது என்பதுதான் இங்கே சொல்ல வேண்டியது. அன்று இரவே அவரிடம் விஷயத்தைச் சொன்னேன். கோபப்படவில்லை. "இது பேசும் என்றுதான் சொன்னாய்; எடுத்து வைத்துக்கொள்ளும் என்று சொல்லவில்லையே" என்று மட்டும் கேட்டார். மறுநாளிலிருந்து, தொலைபேசி வந்தால் அதை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு பேசத் தொடங்கினார். தன் வீட்டுக் கூடத்திலேயே ஒருவர் குரலைத் தாழ்த்திப் பேச வேண்டியதாயிற்று என்பதை, இந்தக் கருவியைப் பற்றி எழுதும் எவரும் விலையோடும் ஒலித்தரத்தோடும் சேர்த்துக் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன்.

அம்மா கருவியை அழைக்கவே இல்லையே, பிறகு எப்படிப் பதிந்தது? கருவிக்குள் இருக்கும் சிறிய சில்லு (சிப்), தன்னை அழைக்கும் சொல் காதில் விழுகிறதா என்று எந்நேரமும் கவனித்துக்கொண்டே இருக்கும். அதுவரை கேட்பதைச் சில நொடிகள் மட்டும் தற்காலிக நினைவில் வைத்து, மேலே மேலே எழுதி அழித்துக்கொண்டே வரும். அழைப்புச் சொல் ஒலித்ததாகச் சில்லு கருதிவிட்டால் ஒளி வளையம் எரியும். அந்த நொடியிலிருந்து பேச்சு இணையம் வழியாக நிறுவனத்தின் சர்வருக்குப் போகும். சிக்கல் முழுவதும் "கருதிவிட்டால்" என்பதில்தான் இருக்கிறது. சில்லு தவறாகக் கருதலாம். அது அடிக்கடி நடக்கிறது. அமெரிக்காவின் நார்த்ஈஸ்டர்ன் பல்கலைக்கழகமும் லண்டன் இம்பீரியல் கல்லூரியும் 2020-இல் வெளியிட்ட ஆய்வில், நூறு மணி நேரத்துக்கும் மேலான தொலைக்காட்சி நிகழ்ச்சிகளைப் பல ஸ்மார்ட் ஸ்பீக்கர்களின் முன் ஓடவிட்டுப் பார்த்தார்கள். கருவிகள் இடைவிடாமல் பதிவு செய்துகொண்டே இருக்கின்றன என்பதற்கு அவர்களுக்குச் சான்று கிடைக்கவில்லை. அதே சமயம், யாரும் அழைக்காமலே அவை விழித்துக்கொள்வதையும், சில வேளைகளில் பத்து நொடிக்கும் மேலாக விழித்திருப்பதையும் கண்டார்கள். அதே ஆண்டில் ஜெர்மனியின் போஹும் (Bochum) நகரிலுள்ள ரூர் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் மற்றவர்களும் சேர்ந்து, இத்தகைய கருவிகளைத் தவறாக எழுப்பிவிடும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சொற்றொடர்களைத் தொகுத்தார்கள். "எலெக்‌ஷன்", "அன்அக்செப்டபிள்" போன்ற அன்றாட ஆங்கிலச் சொற்களே அமேசானின் குரல் உதவியாளரான அலெக்சாவை எழுப்பப் போதுமானவையாக இருந்தன. எந்நேரமும் ஒட்டுக்கேட்கிறது என்ற பரவலான அச்சம் மிகையானதுதான். ஆனால் எப்போது கேட்கும், எப்போது கேட்காது என்று வீட்டிலிருப்பவர் முன்கூட்டி அறிய முடியாது என்பது மிகையில்லை.

தவறாகப் பதிந்தது எங்கே போகிறது என்ற கேள்விக்கு, 2019-ஆம் ஆண்டின் செய்திகள் ஓரளவு விடை தந்தன. அலெக்சாவின் பதிவுகளில் சிலவற்றை அமேசானின் பணியாளர்களும் ஒப்பந்த ஊழியர்களும் கேட்டு எழுத்தாக்குகிறார்கள் என்று அவ்வாண்டு ஏப்ரலில் புளூம்பெர்க் செய்தி நிறுவனம் வெளியிட்டது. ஜூலையில் பெல்ஜிய ஒலிபரப்பு நிறுவனமான விஆர்டி, கூகுள் அசிஸ்டன்ட்டின் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பதிவுகளைக் கேட்டுப் பார்த்ததில், 153 பதிவுகள் யாரும் அழைக்காமலே பதிவானவை என்று கண்டது. அதே மாதம் ஆப்பிளின் குரல் உதவியாளரான சிரியைப் பற்றி கார்டியன் நாளிதழும் இதே போன்ற செய்தியை வெளியிட்டது. எந்திரத்துக்குப் பேச்சைக் கற்றுக்கொடுக்க மனிதக் காது தேவை என்பது தொழில்நுட்பரீதியாகப் புரிந்துகொள்ளக் கூடியதே. ஆனால் இதைப் பயனாளிகள் செய்தித்தாளைப் படித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. அதன் பிறகு ஆப்பிள், பயனாளி தாமாக முன்வந்து அனுமதித்தாலொழியப் பதிவுகளை வைத்துக்கொள்வதில்லை என்று மாற்றிக்கொண்டது; சிரி தவறாக விழித்துப் பதிந்தது தொடர்பான வழக்கில் 9.5 கோடி டாலருக்குச் சமரசம் செய்துகொள்ள அது முன்வந்த செய்தி, 2025 ஜனவரியில் வெளியானது. தவறிழைத்ததாக அந்நிறுவனம் ஒப்புக்கொள்ளவில்லை.

அம்மாவின் பதிவைக் கேட்ட பிறகு என் மனத்தில் திரும்பத் திரும்ப வந்தது, 2018-இல் அமெரிக்காவின் போர்ட்லாந்து நகரில் நடந்த ஒரு நிகழ்ச்சி. ஒரு தம்பதி வீட்டில் பேசிக்கொண்டிருந்ததை அவர்களுடைய எக்கோ (அமேசானின் ஸ்மார்ட் ஸ்பீக்கர்) பதிந்து, தொடர்புப் பட்டியலிலிருந்த ஒருவருக்கு அனுப்பிவிட்டது. அமேசான் தந்த விளக்கப்படி, பேச்சில் வந்த ஏதோ ஒரு சொல் அழைப்புச் சொல்லாகக் கேட்டிருக்கிறது, அடுத்து வந்ததைச் செய்தி அனுப்பும் கட்டளையாகக் கருவி எடுத்துக்கொண்டிருக்கிறது, "யாருக்கு?" என்று அது கேட்டபோது, தொடர்ந்த பேச்சில் பட்டியலிலுள்ள ஒரு பெயர் அதன் காதில் விழுந்திருக்கிறது. அரிதினும் அரிதாக நடக்கும் தற்செயல்தான் இது. ஆயினும் ஒவ்வொரு கட்டத்திலும் கருவி தனக்கு விதித்தபடியேதான் நடந்திருக்கிறது என்பதை எண்ணினால், பழுதாகிப்போன கருவியைவிட ஒழுங்காக இயங்கும் கருவியைப் பற்றித்தான் அதிகம் கவலைப்பட வேண்டும் என்று தோன்றுகிறது.

என் முதன்மையான முறையீடு ஒப்புதலைப் பற்றியது. கணக்குத் தொடங்கியவரின் ஒப்புதலை, அந்தக் கூரையின் கீழ் பேசும் எல்லோரின் ஒப்புதலாகவும் இந்தக் கருவிகள் எடுத்துக்கொள்கின்றன. 2021-இல் குரல்வழி உதவிக் கருவிகளுக்கான வழிகாட்டுதலை வெளியிட்ட ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்பு வாரியம், பதிவு செய்துகொண்ட பயனாளி, பதிவு செய்துகொள்ளாத பயனாளி ஆகியோரோடு, தற்செயலாகப் பயனாளியாகிவிடுபவர் என்றும் ஒரு வகையைக் கூறியது. என் அம்மா அன்று அந்த மூன்றாம் வகையில் இருந்திருக்கிறார். வீட்டுக்கு வந்து ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசிவிட்டுப் போன என் நண்பரும், வேலைக்கு வருபவரும், பக்கத்து வீட்டுக் குழந்தையும் அந்த வகைதான். இவர்களில் ஒருவரிடமும் நான் ஒரு வார்த்தை கேட்டதில்லை. வீட்டுக்கு வரும் விருந்தினரிடம் இப்படியொரு கருவி இருப்பதைச் சொல்ல வேண்டும் என்று கூகுளின் கருவிப் பிரிவுத் தலைவராக இருந்த ரிக் ஆஸ்டர்லோ 2019-இல் பிபிசியிடம் கூறினார். அவர் சொன்னது சரி என்றே கருதுகிறேன். ஆனால் அதைச் சொல்லும்படி, கருவியோடு வந்த அட்டைப் பெட்டியில் ஓரிடத்திலும் அச்சிட்டிருக்கவில்லை.

குழந்தைகளின் நிலை இன்னும் மோசம். ஒப்புதல் என்றால் என்ன என்று தெரியாத வயதில் அவர்கள் இந்தக் கருவியோடு விளையாடுகிறார்கள், கதை கேட்கிறார்கள், யாரிடமும் கேட்காத கேள்விகளை இதனிடம் கேட்கிறார்கள். குழந்தைகளின் குரல் பதிவுகளைக் காலவரையின்றி வைத்திருந்ததோடு, பெற்றோர் அழிக்கச் சொன்ன பிறகும் தரவை முழுமையாக அழிக்கவில்லை என்று அமெரிக்க அரசு தொடுத்த வழக்கில், 2023-இல் அமேசான் இரண்டரைக் கோடி டாலர் செலுத்தச் சம்மதித்தது.

ஒருமுறை கொடுத்த ஒப்புதலாவது கொடுத்தபடியே நிற்குமா என்றால், அதுவும் இல்லை. சில எக்கோ மாடல்களில், குரல் பதிவை நிறுவனத்துக்கு அனுப்பாமல் கருவிக்குள்ளேயே கையாளும்படி அமைத்துக்கொள்ளும் வசதி இருந்தது. 2025 மார்ச் 28 முதல் அந்த வசதியை அமேசான் நீக்கிவிட்டது. அந்த வசதியை நம்பி வாங்கியவர்களின் வீட்டில் இருப்பது அதே கருவிதான். அதன் நடத்தை மட்டும் வேறாகிவிட்டது. கட்டில், நாற்காலி போன்ற பொருள்களை மதிப்பிடுவதைப் போல இவற்றை வாங்கிய நாளின் நிலையை வைத்து மதிப்பிட முடியாது என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

இனி, என் கருவியின் அமைப்புகள். குரல் பதிவுகளை எவ்வளவு காலம் வைத்திருப்பது என்ற இடத்தில், "நான் அழிக்கும்வரை" என்பதே முன்னதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டிருந்தது. முகப்பிலிருந்து அந்த இடத்தை அடைய ஆறு திரைகளைக் கடக்க வேண்டியிருந்தது; புதிய பாடல் சேவைக்குச் சந்தா கட்டும் பக்கமோ முகப்பிலேயே இருந்தது. ஒலிப்பதிவுகளை அழித்த பிறகும் அவற்றின் எழுத்து வடிவம் வேறொரு பக்கத்தில் அப்படியே இருந்ததால், அதையும் தேடிப் போய்த் தனியாக அழித்தேன். "சேவையை மேம்படுத்த உதவுங்கள்" என்ற இனிமையான பெயரோடு இருந்த தெரிவுதான், பதிவுகளை மனிதர்கள் கேட்பதற்கான அனுமதி என்று அதன் கீழிருந்த சிறிய எழுத்துகளை இரண்டு முறை படித்த பிறகே விளங்கியது. இந்த மூன்றையும் ஒரே பக்கத்தில், பொருத்தும்போதே, நேரடியான சொற்களில் கேட்டிருந்தால் ஒரு நிமிடம்தான் கூடுதலாகப் பிடித்திருக்கும். வாங்க நினைப்பவர்கள் முதல் நாளே இந்த மூன்றையும் தேடிப் பிடித்து மாற்றிவிடுங்கள். பிறகு செய்துகொள்ளலாம் என்று விட்டால் என்னைப் போல ஐந்து மாதம் ஆகிவிடும்.

மைக்கை அணைக்கும் பொத்தான் இருக்கிறது. அழுத்தினால் வளையம் சிவப்பாக எரிகிறது. அணைத்த நிலையில் பலமுறை உரக்க அழைத்துப் பார்த்தேன், கருவி அசையவில்லை. செயலியில் மட்டுமே அணைக்க முடிகிற கருவிகளைவிட, இப்படிக் கையால் தொட்டு அணைக்கும் பொத்தான் உள்ள கருவியே மேல் என்பது என் உறுதியான கருத்து.

ஸ்பீக்கரோடு சேர்த்து இரண்டு பல்புகளும் ஒரு பிளக்கும் ஒரு கேமராவும் வாங்கியிருந்தேன். பல்பின் செயலி, நான் இருக்கும் இடத்தையும் என் தொடர்புப் பட்டியலையும் பார்க்க அனுமதி கேட்டது. விளக்கைப் போடவும் அணைக்கவும் என் உறவினர்களின் எண்கள் எதற்கு? மறுத்துவிட்டேன், விளக்கு வழக்கம்போலவே எரிகிறது. கேமராவைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். வாடிக்கையாளர்களின் வீட்டுக் காட்சிகளைப் பணியாளர்களும் ஒப்பந்த ஊழியர்களும் பார்க்கும்படி விட்டிருந்ததாக ரிங் நிறுவனத்தின்மீது 2023-இல் அமெரிக்க வர்த்தக ஆணையம் கொண்டுவந்த வழக்கையும், அது 58 லட்சம் டாலரில் முடிந்ததையும் படித்த பிறகு, படுக்கையறைப் பக்கம் பார்த்தபடி ஒரு கேமராவை மாட்டிவைக்க மனம் ஒப்பவில்லை. தொலைக்காட்சியும் இந்தக் கணக்கில் சேர்ந்ததே: திரையில் என்ன ஓடுகிறது என்பதை அனுமதியின்றிச் சேகரித்ததற்காக விசியோ நிறுவனம் 2017-இல் 22 லட்சம் டாலர் செலுத்த வேண்டிவந்தது.

அந்தரங்கத்தோடு பாதுகாப்பும் பிணைந்தே இருக்கிறது. 2016-இல் மிராய் என்ற தீநிரல், தொழிற்சாலையில் வைத்த கடவுச்சொல்லை மாற்றாமல் விட்டிருந்த கேமராக்களிலும் ரவுட்டர்களிலும் லட்சக்கணக்கில் புகுந்து, அவற்றைக் கொண்டே பெரிய இணையதளங்களைச் சில மணி நேரம் முடக்கியது. எல்லாக் கருவிகளுக்கும் பொதுவான, எளிதில் ஊகிக்கக்கூடிய கடவுச்சொல்லோடு விற்பதைப் பிரிட்டன் 2024 ஏப்ரலிலிருந்து சட்டத்தால் தடுத்திருக்கிறது; பாதுகாப்பு அப்டேட் குறைந்தது எத்தனை காலத்துக்குக் கிடைக்கும் என்பதையும் தயாரிப்பாளர் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்கிறது அச்சட்டம். என் பல்பின் பெட்டியில் அப்படி எந்தக் காலமும் குறிக்கப்படவில்லை. ஆகவே ரவுட்டரில் விருந்தினருக்கென்று இருக்கும் தனி வைஃபையைத் திறந்து, பல்பு, பிளக், ஸ்பீக்கர் எல்லாவற்றையும் அதற்கு மாற்றிவிட்டேன். எங்கள் கணினியும் கைபேசிகளும் இருக்கும் வலையமைப்புக்குள் இப்போது அவை நுழைய முடியாது. அரை மணி நேர வேலைதான்.

கருவியாக இதற்கு நல்ல மதிப்பெண் தருவேன். அதை நமக்கு அறிமுகப்படுத்தும் முறைக்கு, தேர்ச்சி மதிப்பெண்கூடத் தர மாட்டேன். தனியாக வசிப்பவர், அமைப்புகளை மாற்றத் தெரிந்தவர் என்றால் தயங்காமல் வாங்கலாம். பலர் கூடியிருக்கும் வீட்டில், எல்லோரும் பேசும் கூடத்தில் வைப்பதற்காக வாங்குபவர்கள், பணம் கட்டுவதற்கு முன் வீட்டிலுள்ள ஒவ்வொருவரிடமும் கேட்டுவிட்டு வாங்க வேண்டும். கேட்பது என்றால், "இது நீங்கள் பேசுவதைச் சில நேரம் பதிந்து வெளியே அனுப்பும், அதை நான் கேட்கவும் முடியும்" என்று அந்தச் சொற்களிலேயே கேட்பது.

நான் தாமதமாகத்தான் கேட்டேன். கருவியைத் திருப்பிக் கொடுத்துவிடவா என்று அம்மாவிடம் கேட்டபோது அவர் வேண்டாம் என்றார். தன் அறையில், கட்டிலுக்குப் பக்கத்தில் வைக்கச் சொன்னார். மைக் எப்போதும் அணைந்தே இருக்க வேண்டும், தேவைப்படும்போது தானே போட்டுக்கொள்வேன் என்றார். கணக்கையும் அவர் பெயருக்கு மாற்றினோம். பதிவுகளைப் பார்க்கும் பக்கம் இனி அவருடைய கைபேசியில்தான் திறக்கும். ஒரே ஓர் இடைஞ்சல் இருந்தது: நான்கு பொத்தான்களும் ஒரே வடிவில் இருந்ததால், இருட்டில் தடவிப் பார்த்தால் மைக் பொத்தான் எது என்று அவருக்குத் தெரியவில்லை. தயாரிப்பாளர் அதன்மேல் ஒரு சிறு புள்ளியாவது எழுப்பியிருக்கலாம். பழைய துணி ஒன்றில் சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு துண்டு வெட்டி அதன்மேல் ஒட்டினேன். இப்போதெல்லாம் இரவில் அவர் அறையிலிருந்து முதலில் ஒரு அழுத்தல் ஓசை, பிறகு அவர் மணி கேட்கும் குரல், பதில், மறுபடியும் ஒரு அழுத்தல் ஓசை கேட்கின்றன. பகலில் தொலைபேசி வந்தால், கூடத்து நாற்காலியில் உட்கார்ந்தபடியே பேசுகிறார்.